இலண்டனா, நியூயார்க்கா? பல்லின நகரை எதைக் கொண்டு அளப்பது?



சில வாரங்களுக்கு முன்னர், பொது அறிவுப் புதிர்ப்போட்டிக்காக மாணவர்களைத் தயார்ப்படுத்திக் கொண்டிருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, உலகத்திலேயே அதிகமான இனத்தவர் கலந்து வாழும் நகரம் இலண்டனா, நியூயார்க்கா?" என்று கேட்டான். "இரண்டும் ஏறக்குறையச் சமம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குச் சென்றுவிட்டேன். அவன் முகத்தில் நிறைவு தோன்றவில்லை. என் மனத்திலும் நிறைவு இல்லை. புதிர்ப்போட்டிக்கு ஒரு சொல் போதும். வரலாற்றுப் பாடத்திற்கு அது போதாது. அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

எண்கள் கூறுவது

முதலில் எண்களையே பார்ப்போம். நியூயார்க்கில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். இலண்டனில் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தோரும் ஏறத்தாழ 88 இலட்சமே. அளவில் இவை இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. 2021இல் இலண்டன்வாசிகளுள் நூற்றுக்கு நாற்பது பேருக்குச் சற்று அதிகமானோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். நியூயார்க்கில் அத்தகையோர் 2010இல் நூற்றுக்கு 37 பேர். இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால், இலண்டன் ஓரிரு அடி முன்னால் நிற்பதாகத் தோன்றும்.

ஆனால், சற்றுப் பின்னோக்கிச் சென்றால் கதை மாறுகிறது. 1910ஆம் ஆண்டிலேயே நியூயார்க் மக்களுள் நூற்றுக்கு 41 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்களாக இருந்தனர். இலண்டன் 2021இல் எட்டிய நிலையை நியூயார்க் நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே எட்டிவிட்டது. அதே நியூயார்க்கில் 1970இல் இந்த எண் 18ஆக வீழ்ந்தது. பின்னர் 2000இல் 36ஆக உயர்ந்தது. இலண்டனிலோ 2001இல் 27, 2011இல் 37, அதற்கடுத்த பத்தாண்டில் 40ஐத் தாண்டியது.

1910க்கும் 1970க்கும் இடையில் நியூயார்க் மக்களின் மனம் பாதியாகச் சுருங்கிவிட்டதா? இல்லை. மாறியது சட்டம். 1924ஆம் ஆண்டில் அமெரிக்கா கொண்டுவந்த குடிநுழைவுச் சட்டம், ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இத்தனை பேர்தான் வரலாம் என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பும் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு, இத்தாலியர், யூதர் போன்ற பிற்காலத்தவர் குறைவாகவே வரும்படி வகுக்கப்பட்டது. எல்லிஸ் தீவு 1892 முதல் 1954 வரை குடிநுழைவு நிலையமாக இயங்கியது. அதன் வழியே வந்தவர்கள் ஒரு கோடியே இருபது இலட்சம் பேருக்கும் மேல். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் 1924க்கு முன் வந்தவர்களே. 1965இல் அந்த வரம்பு முறை நீக்கப்பட்ட பின்னரே எண்கள் மீண்டும் ஏறத் தொடங்கின.

இலண்டனின் ஏற்றமும் அவ்வாறே. 2004இல் போலந்து முதலிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அந்நாட்டவர் தடையின்றி வந்தனர். ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பின், 2020ஆம் ஆண்டின் இறுதியோடு அந்தத் தடையற்ற வருகை முடிவுற்றது.

ஆகவே, எண் என்பது கதவு எவ்வளவு திறந்திருந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது. கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை அது காட்டுவதில்லை. அதை அறிய வேண்டுமானால் இரு நகரங்களின் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும்.

ஒரே காலம், ஒரே கேள்வி

வியப்பான ஓர் ஒற்றுமை. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரண்டு ஆண்டு இடைவெளிக்குள், இரு நகரங்களும் ஒரே கேள்வியை எதிர்கொண்டன. யூதர்களை உள்ளே விடலாமா என்பதே அக்கேள்வி.

அப்போது நியூயார்க் என்ற பெயர் இல்லை. டச்சு மேற்கிந்தியக் கம்பெனி நடத்திய அச்சிற்றூரின் பெயர் நியூ ஆம்ஸ்டர்டாம். நான்கு ஐந்நூறு ஆடவர் மட்டுமே இருந்த அவ்வட்டாரத்தில் பதினெட்டு மொழிகள் பேசப்பட்டதாக, 1643இல் அங்குச் சென்ற ஐசக் ஜோக்ஸ் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் எழுதி வைத்துள்ளார். 1654இல், பிரேசிலின் ரெசிஃபே நகரைப் போர்த்துகீசியர் மீட்டுக்கொண்டதால், அங்கிருந்து வெளியேறிய யூதர்கள் 23 பேர் இத்துறைமுகத்தில் வந்து இறங்கினர். ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அவர்களை விரட்ட விரும்பி ஆம்ஸ்டர்டாமுக்குக் கடிதம் எழுதினார். 1655இல் கம்பெனியார் அதற்கு இசைய மறுத்தனர். பிரேசிலில் யூதர்கள் இழந்த பொருளையும், கம்பெனியில் யூதர்கள் போட்டிருந்த முதலையும் அவர்கள் காரணமாகக் காட்டினர். தங்களுள் ஏழைகளை யூதர்களே பேணிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தனர். கருணையும் கணக்கும் கலந்த அனுமதி அது. எனினும், அது எழுத்தில் கிடைத்த அனுமதி.

இலண்டனின் நிலை வேறு. முதலாம் எட்வர்டு மன்னர் 1290இலேயே இங்கிலாந்திலிருந்து யூதர்களை வெளியேற்றியிருந்தார். 1655ஆம் ஆண்டின் இறுதியில் ஆலிவர் குரோம்வெல், அவர்களை மீண்டும் ஏற்பது பற்றி ஆராய ஒரு மாநாட்டைக் கூட்டினார். வணிகரும் சமயத் தலைவர்களும் எதிர்த்தனர். மாநாடு முடிவு எதையும் எடுக்காமலே கலைந்தது. ஆனால், அவர்கள் வருவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சட்ட வல்லுநர்கள் கூறியது மட்டும் நிலைத்தது. 1656 முதல் இலண்டனில் யூதர்கள் ஓசையின்றி வழிபாடு நடத்தத் தொடங்கினர். வரவேற்பும் இல்லை; அரசாணையும் இல்லை; தடையும் இல்லை. 1701இல் அவர்கள் கட்டிய பெவிஸ் மார்க்ஸ் தொழுகைக்கூடம் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

இந்த இரு நிகழ்வுகளிலும் இரு நகரங்களின் இயல்பு தெரிகிறது. நியூயார்க் வாதாடி, எழுதி, முத்திரையிட்டு இடம் தந்தது. இலண்டன் கண்டும் காணாததுபோல் இருந்து இடம் தந்தது. பின்வந்த நூற்றாண்டுகளிலும் இவ்விரு போக்குகளும் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றன.

பௌன் தெருவின் கதை

1657ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள். ஸ்டைவசன்டின் ஆட்சிக்கு உட்பட்ட ஃபிளஷிங் என்னும் ஊரில் ஏறத்தாழ முப்பது பேர் ஒரு விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினருக்கு எவரும் புகலிடம் தரக்கூடாது என்று ஆளுநர் பிறப்பித்த ஆணையை ஏற்க இயலாது என்பதே அதன் சாரம். அன்பையும் உரிமையையும் யூதருக்கும் துருக்கியருக்கும் எகிப்தியருக்கும்கூட மறுக்கலாகாது என்று அவ்விண்ணப்பம் வாதிட்டது. ஒப்பமிட்டவர்களுள் ஒருவர்கூடக் குவேக்கர் அல்லர். பிறருடைய வழிபாட்டுக்காகத் தங்கள் பதவியையும் பாதுகாப்பையும் அவர்கள் பணயம் வைத்தனர். ஊர் அதிகாரிகள் சிலர் சிறையும் சென்றனர்.

சில ஆண்டுகள் கழித்து, அதே ஊரைச் சேர்ந்த ஜான் பௌன் என்பவர் குவேக்கர்கள் கூடித் தொழத் தம் வீட்டைத் திறந்துவிட்டார். 1662இல் அவர் கைது செய்யப்பட்டார். அபராதம் கட்ட மறுத்ததால் நாடு கடத்தப்பட்டார். ஆம்ஸ்டர்டாம் சென்று கம்பெனியாரிடமே முறையிட்டார். 1663இல் கம்பெனியார், மனிதரின் மனச்சான்றை வற்புறுத்த வேண்டாம் என ஸ்டைவசன்டுக்கு எழுதினர். பௌன் ஊர் திரும்பினார். அவருடைய வீடு இன்றும் நிற்கிறது. அது நிற்கும் தெருவுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

தமிழர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. அதே பௌன் தெருவில், அவ்வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், ஸ்ரீ மகா வல்லப கணபதி தேவஸ்தானம் அமைந்துள்ளது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் கதவு திறந்தபின் இந்தியாவிலிருந்து பொறியாளர்களும் மருத்துவர்களும் நியூயார்க்கிற்கு வந்தனர். ஐக்கிய நாடுகள் அமைப்பில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முதலியோர் 1970இல் கோயில் சங்கத்தைத் தொடங்கினர். 1977ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்காவின் விடுதலை நாளன்று, குடமுழுக்கு நடந்தது. 1657இல் ஒப்பமிட்டவர்கள் விநாயகர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. ஆயினும், அவர்கள் யாருக்கோ கேட்ட இடத்தில் நம்மவர்களும் நின்று கற்பூரம் ஏற்றுகிறார்கள்.

பிரிக் லேன் கட்டடத்தின் கதை

இலண்டனில் இதற்கு இணையாக ஒரு கட்டடம் உண்டு. நகரின் கிழக்கே பிரிக் லேன் என்னும் தெருவில் அது நிற்கிறது. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர், சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்கு இருந்த உரிமையை 1685இல் பறித்தார். அதனால் ஹியூகனாட் எனப்படும் அம்மக்கள் பல்லாயிரக்கணக்கில் இங்கிலாந்துக்கு ஓடி வந்தனர். அவர்களுள் பட்டு நெசவாளர்கள் பலர் கிழக்கு இலண்டனில் தறி போட்டனர். அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இவர்களின் வருகையால்தான் வழக்குக்கு வந்தது. 1743இல் அவர்கள் தங்களுக்கு ஒரு தேவாலயம் கட்டிக்கொண்டனர். அதன் சுவரில் உள்ள சூரியக் கடிகாரத்தில் அவ்வாண்டு இன்றும் காணப்படுகிறது.

நெசவாளர்களின் பிள்ளைகள் வேறிடம் பெயர்ந்தனர். 1819இல் அக்கட்டடம் மெதடிஸ்டுகளின் தேவாலயமாயிற்று. ரஷ்யப் பேரரசில் நடந்த கொடுமைகளுக்கு அஞ்சி வந்த யூதர்கள் அவ்வட்டாரத்தில் தையற்கடைகள் வைத்தனர். 1898இல் அதே கட்டடம் யூதர்களின் தொழுகைக்கூடமாயிற்று. யூதர்களும் நகரின் வடக்கே பெயர்ந்தபின், சில்ஹெட் பகுதியிலிருந்து வந்த வங்காளிகள் அங்குக் குடியேறினர். 1976இல் அது பள்ளிவாசலாயிற்று. சுவர் ஒன்றே, கூரை ஒன்றே, உள்ளே எழுந்த வழிபாட்டு மொழி மட்டும் மாறி மாறி வந்தது. எந்த அரசாணையும் இதைத் திட்டமிடவில்லை. ஒருவர் போக, அடுத்தவர் அதே வாசலில் நுழைந்தார். இதுவே இலண்டனின் வழி.

மறைக்கக் கூடாத பக்கங்கள்

இவ்வளவோடு நிறுத்தினால் பிள்ளைகளுக்கு நாம் பாதி வரலாற்றைத்தான் சொன்னவர்களாவோம்.

நியூயார்க்கின் பன்மொழிப் புகழுக்கு அடியில் அடிமைகளின் எலும்புகள் கிடக்கின்றன. 1991இல் கீழ் மன்ஹாட்டனில் அரசுக் கட்டடம் ஒன்றுக்கு நிலம் தோண்டியபோது, ஆப்பிரிக்கர்களைப் புதைத்த பழைய இடுகாடு வெளிப்பட்டது. நானூறு பேருக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அங்குப் புதைக்கப்பட்டோர் ஏறத்தாழ 15,000 பேர் இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. 1827 வரை நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை சட்டப்படி நீடித்தது. பின்னர் 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைச் சட்டம் தடுத்தது. 1917இல் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளுக்கும் தடை வந்தது.

இலண்டனோ 1517ஆம் ஆண்டு மே நாள் கலவரத்தில் அயல்நாட்டுக் கைவினைஞர்களின் வீடுகளைச் சூறையாடியது. 1905இல் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வருகையைக் கட்டுப்படுத்த அயலார் சட்டம் இயற்றப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி குடியேற்ற நாட்டு மக்கள் பிரிட்டனில் வாழும் உரிமை பெற்றிருந்தனர். அவர்களுள் அன்றைய பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் பிறந்தோரும் அடங்குவர். அதே ஆண்டு ஜூன் மாதம் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரிபியன் மக்கள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கினர். பத்தே ஆண்டுகளில், 1958இல், நாட்டிங் ஹில் பகுதியில் அவர்கள் தாக்கப்பட்டனர். 1962இல் சட்டம் கதவைப் பாதி சாத்தியது.

பிரிக் லேன் பள்ளிவாசல் தோன்றி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1978ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்னும் வங்காள இளைஞர் அத்தெருவுக்கு அருகில் கொல்லப்பட்டார். அவர் ஒரு தையல் தொழிலாளி. பத்து நாள் கழித்து ஏறத்தாழ 7,000 பேர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் இல்லம் நோக்கி நடந்தனர். ஓசையின்றி இடம் தரும் இலண்டனின் வழி அங்கே போதாமற்போயிற்று. வாய் திறந்து உரிமை கேட்கவேண்டி வந்தது. அவர் வீழ்ந்த இடத்தருகே உள்ள பூங்காவுக்கு 1998இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

தந்தையும் மகனும்

இரு நகரங்களையும் இணைக்கும் ஒரு குடும்பத்தின் கதையும் உண்டு. 1972இல் உகாண்டாவின் இடி அமீன், அங்கு வாழ்ந்த ஆசியர்களைத் தொண்ணூறு நாளில் வெளியேறும்படி ஆணையிட்டார். வெளியேறியவர்களுள் மஹ்மூத் மம்தானி என்னும் இளம் கல்வியாளரும் ஒருவர். இலண்டனில் அகதிகளுக்கான முகாமில் தங்கிய அனுபவத்தை அவர் ஒரு நூலாகவே எழுதினார். அவருடைய மகன் சொஹ்ரான் மம்தானி, கம்பாலாவில் பிறந்து சிறுவனாக நியூயார்க் வந்தவர். 2025 நவம்பர் தேர்தலில் அவர் நியூயார்க் நகரத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இலண்டனிலும் 2016இல், பாகிஸ்தானிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநரின் மகனான சாதிக் கான் அதே பதவிக்குத் தேர்வு பெற்றார். அரசியல் கருத்துகளில் நாம் உடன்படலாம், உடன்படாமலும் போகலாம். வந்தவரின் பிள்ளை நகரத்தின் விருந்தாளியாகவே இருந்துவிடாமல் அதன் பொறுப்பாளியாக முடிகிறதா என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

மாணவனுக்கு என் விடை

இப்போது அம்மாணவனுக்கு விடை சொல்கிறேன். பல்லினம் கலந்து வாழ்வதில் நீண்ட பயிற்சி உடையது நியூயார்க். பதினெட்டு மொழிகளோடு தொடங்கிய ஊர் அது. பிறர் உரிமைக்காக எழுதப்பட்ட விண்ணப்பமும் அதன் ஏட்டில் உண்டு. நெடுந்தூரம் நடந்து வந்தது இலண்டன். அயலாரின் வீட்டைச் சூறையாடிய நகரம், அயலாரின் மகனைத் தலைவனாக்கும் அளவுக்கு மாறியுள்ளது. எது சிறந்தது என்று ஒரே சொல்லில் கேட்டால் நியூயார்க் என்பேன். எதிலிருந்து அதிகம் கற்கலாம் என்று கேட்டால் இலண்டன் என்பேன். மாறுவது முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டுக்கும் நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றே. முன்பு வந்தவர், பின்னால் வருபவருக்கு இடம் விட்டாரா? ஃபிளஷிங் மக்கள் விட்டனர். அவ்விடத்தில் நம் கோயில் நிற்கிறது. தங்கள் குடும்பம் வந்து சேர்ந்தபின் கதவைச் சாத்தச் சொன்னவர்களும் இரு நகரங்களிலும் இருந்தனர். இக்கேள்வி நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது. நம் முன்னோர் கப்பலேறி வந்த துன்பத்தைக் கண்ணீரோடு பேசும் நாம், இன்று நம் ஊருக்கு வந்து கட்டடம் கட்டும் வங்காளதேசத்துத் தொழிலாளியைப் பிள்ளைகள் முன்னிலையில் எப்படிக் குறிப்பிடுகிறோம்? பெற்றோர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.

கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற வரியைப் பள்ளிச் சுவரில் எழுதி வைக்கிறோம். பல்லின ஒற்றுமை என்றால் படத்தாளில் பல வண்ண உடைகளில் கைகோத்து நிற்கும் பிள்ளைகளை வரையச் சொல்கிறோம். அது இயற்கையாக மலர்ந்த பூந்தோட்டம் என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். யாரோ விண்ணப்பம் எழுதினார்கள், யாரோ சிறை சென்றார்கள், யாரோ சவப்பெட்டியின் பின்னால் நடந்தார்கள் என்பதை நாம் சொல்லத் தவறினால், அது வாடும்போது நீர் ஊற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாது.

அடுத்த வாரம் என் வகுப்புக்கு ஒரு சிறு பணி தரவிருக்கிறேன். உங்கள் ஊரில் ஒரு பழைய கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு முன் அங்கு யார் இருந்தார்கள், என்ன மொழி பேசினார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். கேள்வி கேட்ட மாணவனிடம் இன்னொன்றும் சொல்வேன்: உனக்குப் பின் அங்கு வருபவருக்கு நீ என்ன விட்டுச் செல்வாய் என்பதையும் கடைசி வரியாக எழுது.